எறியும் கைக்கு ஆறு வாரம்

அனுப்புநர்:
இராசையா சுகிர்தன் (விவசாயி),
ஜெயபுரம் வடக்கு, பூநகரி.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்.

விடயம்: பேஸ்போல் போட்டிகளுக்கு முந்திய ஆறு வாரப் பயிற்சியைக் குறைக்காதிருக்க வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. முறைப்பாட்டுக்கு முன் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் வினோஜா (வயது 15) பாடசாலை பேஸ்போல் அணியில் பந்தெறிபவள். இன்று அவள் வலியின்றி எறிவது, சென்ற வருடம் தாங்கள் அனுப்பிவைத்த பயிற்றுநர் திருமதி பத்மாசனி அவர்களால்தான்.

2. நடந்த பிழை என்னுடையது. சென்ற காலபோகத்தில், மாரி நெற்கதிர் பால் பிடித்த நேரம், கிளி கலைக்க மகளைக் காலையும் மாலையும் வயலுக்கு அனுப்பினேன். தகரம் தட்டப் போனவளை மறித்து, மண்ணாங்கட்டியால் எறியச் சொன்னேன். நெல்லும் தப்பும், போட்டிக்குக் கையும் உரமேறும் என்று நினைத்தேன். இருபது நாள் எறிந்தாள். பிறகு முழங்கை வீங்கி, தலை பின்னவும் கை எழும்பவில்லை.

3. பத்மாசனி ரீச்சர் என்னை ஏசவில்லை. "முதல்ல வைத்தியரிட்டக் காட்டுங்கோ. கை களைச்சால் எறிய விடாதேங்கோ" என்றார், அவ்வளவுதான். வைத்தியர் சொன்ன ஓய்வு முடிந்தபின் ஆறு வாரம் பழக்கினார். முதல் இரண்டு வாரம் பந்தைத் தொடவே விடவில்லை. ஓட்டம், காலுக்கும் இடுப்புக்கும் பயிற்சி, தூணில் கட்டிய பழைய சைக்கிள் ரியூப்பைத் தோளால் இழுத்தல். பின்னர் ஒருநாள் முப்பது எறி, மறுநாள் ஓய்வு என எண்ணி எண்ணிக் கூட்டினார். எறிதல் காலில் தொடங்குகிறது என்பதை அன்றுதான் கண்டேன். சென்ற வருடப் போட்டிகள் முடியும்வரை அணியில் எவருக்கும் கை நோகவில்லை.

4. இவ்வருடம் போட்டிகள் முற்படுத்தப்பட்டதால் பயிற்சி இரண்டு வாரம் மட்டுமே என அறிவித்தல் வந்துள்ளது. பந்தெறியப் புதிதாக மூன்று பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். மூவரும் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். தகப்பன்மாரும் என்னைப் போன்றவர்கள்தான். போட்டியைச் சற்றுப் பிற்போட்டோ, பயிற்சியை இப்போதே தொடங்கியோ ஆறு வாரத்தையும் தந்துதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

5. மகள் பட்டதை அறிய, இம்முறை தகரத்தை வைத்துவிட்டு நானே கிளிக்கு மண்ணாங்கட்டி எறிந்து பார்த்தேன். நான்காம் நாள் சட்டை போடக் கை எழும்பவில்லை. அவள் இருபது நாள், அப்பா சொன்னார் என்பதற்காக வாய் திறக்காமல் எறிந்திருக்கிறாள். மற்ற மூவரும் அப்படித்தான் எறிவார்கள். அதற்குமுன் ரீச்சரை அனுப்பிவையுங்கள், ஐயா.

தங்கள் உதவியை மறவாத,
இ. சுகிர்தன்
(ஒப்பம்)

இடம்: ஜெயபுரம்
திகதி: 2025.01.20