குருவி சொல்லாத மூன்று அசை

ஜனவரி, ஞாயிறு.

எங்கள் குவாலிட்டி மேனேஜருக்கு இந்த வருஷம் பறவைப் பித்து. காலையில் எங்களை எல்லாம் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாந்தோப்புக்கு இழுத்துப் போனார். ஒரு கதிர்க்குருவி கிளை கிளையாகத் தாவிக்கொண்டிருந்தது. இளம்பச்சைக் கதிர்க்குருவி இங்கே சாதாரணம், பச்சைக் கதிர்க்குருவி அரிது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். கூப்பிட்டால்தான் தெரியும்: சாதாரணமானது இரண்டு அசை, அரிதானது மூன்று.

குருவி வாயே திறக்கவில்லை. மனிதர் விடுவாரா? அரிய குருவியின் குரலைத் தன் போனில் திரும்பத் திரும்பப் போட்டு அதைக் கூப்பிட்டார். அவருக்கு ஜால்ரா போடும் சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று பதிவு செய்தான். போட்டுக் கேட்டால் மூன்று அசை! ஒரே கைதட்டல்.

"சார், இது உங்க போன் சத்தம். ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல ஒரு நாய் குலைக்குது பாருங்க. தோப்புல ஏது நாய்?" என்றேன்.

"நாய் எங்கம்மா இல்ல? உனக்கு எதெடுத்தாலும் சந்தேகந்தான்."

எம்.டெக் படித்த மூளை. கம்பெனியிலும் இப்படித்தான். முதலில் முடிவு, அப்புறம் அதற்கேற்ற அளவு.

இப்போது வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பதிவு ஓடுகிறது. நேரில் கண்டவர்கள் என்று என் பெயரையும் கேட்காமலே சேர்த்திருக்கிறார். வெட்கங்கெட்ட ஜென்மம். நாளை நீக்கச் சொல்ல வேண்டும்.

குருவி போகட்டும். வெள்ளிக்கிழமை லாரி ஏறிய பிரேக் பாகங்களின் அளவு அறிக்கையில் அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டிருக்கிறேன்.