மஷூர் நாநாவின் நம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஷாமிளா எழுதுகிறேன். நான் சுகம். ஹப்புத்தளைக் குளிருக்கு உங்கள் முழங்கால் வலி கூடியிருக்குமே, தைலம் தேய்க்கிறீர்களா? என் அறையில் சிக்னல் கிடைப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

இங்கே புளத்கொகுபிட்டிய ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டும் பெண்களுக்கு அரசாங்க வங்கியின் போன் கணக்கைத் திறந்து கொடுப்பதுதான் என் வேலை. போனுக்கு வரும் இரகசிய எண்ணை உடனே சொன்னால்தான் கணக்கு திறக்கும். போன வாரம் ஒரு கூத்து. எல்லாப் பெண்களும் சந்திக் கடை மஷூர் நாநாவின் நம்பரையே கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதைத்தான் கொடுப்பார்களாம். பாவம் அந்த மனிதர், வந்த எண்களையெல்லாம் தாளில் எழுதி, பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோவில் மேலே தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார். வந்து சேர்வதற்குள் எல்லாம் காலாவதி.

இதைச் சொன்னபோது கேகாலை அலுவலகத்து ஐயா சிரிக்கவில்லை. “ஒரு ஆளுக்கு ஒரு நம்பர். மேலிடத்து ஓடர். போன் வாங்கச் சொல்லுங்க” என்றார்.

பால் வெட்டும் மருதாயி அக்காவிடம் அதைச் சொன்னேன்.

“வாங்கினா எங்க வீட்டுக்காரர் கையிலதானே இருக்கும், மிஸ்? நாநாகிட்ட வந்தா எனக்கு வந்த சேதி எனக்கே வரும்ங்க.”

ஐயாவிடம் திரும்பச் சொன்னேன். அதையெல்லாம் எழுத சிஸ்டத்தில் இடமில்லையாம். களைப்பாக இருக்கிறது அப்பா, வேறொன்றும் இல்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையும் அம்மா இடித்த மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் போதும், ஒரு ஆளுக்குத்தானே.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹோர்ன் அடிக்கிறது. அவசரமென்றால் மஷூர் நாநாவின் கடைக்கு எடுங்கள், நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சேதி பாணோடு எனக்கு வந்துவிடும்.

உங்கள் மகள்
ஷாமிளா