வரிசையில் நின்றுபோன எழுத்துகள்

இன்று ஐஸ் ஃபேக்டரியிலிருந்து ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி ரிப்பேருக்கு வந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு குடோனுக்கு மேலே இருக்கிற நம் ஆபீஸில் ஒரே மீன் நாற்றம். உன் பழைய சீரியல் கேபிளைச் செருகி ஆன் செய்தேன். 'கம்ப்ரஸ' என்று எதையோ சொல்ல வந்து, கன்சோல் திரையில் அப்படியே செத்தது.

மிச்ச எழுத்துகள் எங்கே என்று உனக்குத் தெரியும். நினைவகத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. ஓர் எழுத்து வெளியே போனதும், கேபிள் செருகியிருக்கும் போர்ட் இன்டரப்ட் என்ற மணியை அடிக்கும்; டிரைவர் புரோகிராம் அடுத்த எழுத்தைக் கொடுக்கும். பெட்டி சாகும்போது முதலில் நிற்பது அந்த மணிதான்.

அதற்காகவே நீ தனியாகச் சில வரிகள் எழுதியிருந்தாய். சாகிற நேரத்தில் மணிக்குக் காத்திராமல் வாசலிலேயே நின்று, 'காலியா, காலியா' என்று போர்ட்டைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வோர் எழுத்தாய்த் தள்ளிவிடும் வரிகள்.

"இந்தக் காத்துநிப்பு எந்தினாடோ, எதுக்கு? ஸ்பீடு போகும்" என்றார் மேனேஜர்.

"சாகுறவன் வாயை அடைக்கலாமா சாரே? முழுசா பறஞ்சிட்டுப் போகட்டும்" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்னடா இளிக்கிறே? நீ எழுதுற புரோகிராம் கோடும் உன் வயிறு மாதிரிதான். வேண்டாத இடத்துல தள்ளிட்டு நிக்குது."

கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்தபடி என் கையைப் பிடித்து, "டா, ஒரு காரியம்..." என்று ஆரம்பித்தாய். அப்போதுதான் மேனேஜர் ஆரஞ்சுப் பையோடு நுழைந்தார். கலூர் டிராஃபிக்கைப் பற்றிப் பேசினார், கும்பளங்கியில் தின்ற கரிமீனைப் பற்றிப் பேசினார். அவர் எழுந்து போனபோது நீ தூங்கியிருந்தாய். அப்புறம் விழிக்கவில்லை.

உன் இரங்கல் கூட்டத்தில் மேனேஜர் மீசை மை வழிய வழிய அழுதார். சிப்ஸும் சாயாவும் கொடுத்தார்கள். மறுவாரமே உன் வரிகளை நீக்கிவிட்டார், ஸ்பீடு வேண்டுமாம்.

இன்று அவரிடம் கேட்காமலே திரும்பச் சேர்த்தேன். பெட்டி முழுசாகச் சொல்லிவிட்டுச் செத்தது: 'கம்ப்ரஸர் சென்சார் இணைப்பு இல்லை'. எலி கடித்த ஒரு வயர், அவ்வளவுதான். வயரை மாற்றிய பிறகும் வேலை இருப்பதுபோல் உட்கார்ந்து, புது வயரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பெட்டியைத் திரும்பத் திரும்பச் சாகடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசி எழுத்து வரை வந்தது.

என்னிடம் இருப்பது 'டா, ஒரு காரியம்' வரைக்கும்தான்.