வாசலோடு நின்ற மருந்து

அருமை மாப்பிள்ளை ஏகாம்பரம்,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்கு எழுதுவதால் நேரே செய்திக்கு வருகிறேன். நம் தெருவில் மலேரியா கிடையாது. நீ அதில்தான் செத்தாய் என்றாலும், அரசாங்கத்தின் கணக்கில் இன்னும் கிடையாது.

படிப்பகத்தில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? ஜனங்களின் உடம்பை அரசாங்கம் காப்பாற்றுகிறதா, இல்லையா? நீ அரசாங்கத்தின் பக்கம். பேப்பரை மடித்து என் தொடையில் தட்டுவாய். “குத்தம் சொல்றதுக்குன்னே பொறந்தியா மச்சான்? ஊர் ஊரா கொசுவுக்கு டி.டி.டி. மருந்து அடிச்சிக்கினு வரான், அது ஒன் கண்ணுல படலியா?”

பட்டது. அவர்கள் உன் வீட்டுக்கு வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். முதுகில் பம்பு மாட்டியவர்களைப் பார்த்ததும், அரசாங்கத்தின் வழக்கறிஞர் நீ, இரண்டு கையையும் விரித்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாய்.

“இன்னாபா, உள்ள தறியில பாவு இருக்குது. பட்டு மேல ஒரு சொட்டு பட்டுச்சின்னா முதலாளி என் தோல உரிச்சி அதே தறியில ஏத்திடுவான். வெளிய அடிச்சிட்டுப் போபா.”

அவர்களுக்கும் மகிழ்ச்சி. உள்சுவர்களுக்கான மருந்தைத் தெருச்சுவரில் கொஞ்சம் தெளித்து, மருந்து அடித்தாயிற்று என்று வாசலில் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அங்கேயும் தறி, அங்கேயும் விரித்த கைகள். தெரு முழுக்க வெளியிலிருந்து பாதுகாக்கப்பட்டது. மருந்து இருக்கிற சுவரில் கொசு வந்து உட்கார்ந்தால்தான் சாகும். அது உள்ளே, தறிக்குழியின் ஈரத்தில், உன் காலுக்குப் பக்கத்தில் சௌக்கியமாக இருந்தது. வாசலில் எழுதியதைப் படிக்க அதற்குத் தெரியாது.

உனக்குக் குளிர் ஜுரம் வந்து, கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினாய். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் தெருப் பெயரைக் கேட்டார். சொன்னேன். “அந்தத் தெருவா? அங்கல்லாம் மருந்து அடிச்சாச்சிங்க. மலேரியாவா இருக்காது” என்றார். விஷ ஜுரம் என்று எழுதினார்கள். வழக்கப்படி விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினார்கள். நீ அந்த முடிவுக்காகக் காத்திருக்கவில்லை.

முடிவு உன் கருமாதியன்று வந்தது. சைக்கிளில் ஒருவர், கையில் மாத்திரைப் பொட்டலம். பந்தலைப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“ஏகாம்பரம் யாருங்க? ரத்தத்துல மலேரியா இருக்குதுன்னு வந்திருக்குது. ஆளு என் எதிர்ல மாத்திர முழுங்கணும்.”

என் தங்கை சரசு உன் படத்தைக் காட்டினாள். “தோ இருக்காரு. முழுங்க வச்சிட்டுப் போங்க.”

பாவம், அந்த மனிதருக்கு முகம் செத்துவிட்டது. ஆஸ்பத்திரியின் சாவுக் கணக்கில் நீ இன்னும் விஷ ஜுரம்தான். அவர் மேல் குற்றமில்லை. யார் மேல்தான் குற்றம், மாப்பிள்ளை? படிப்பகத்தில் இப்போது அதுதான் பேச்சு. நெசவாளிக்குப் புத்தியில்லை என்கிறது ஒரு கட்சி. அரசாங்கத்துக்கு அக்கறையில்லை என்கிறது இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. எதிர்ப்பக்கம் பேச ஆளில்லாமல் எனக்கு வாதம் ருசிக்கவில்லை.

ஒன்று மட்டும் தோன்றுகிறது. திட்டம் போட்டவர்கள் வீடு என்றால் நான்கு சுவர் என்று நினைத்தார்கள். நம் தெருவில் வீடு என்றால் ஒரு தறி. மீதமுள்ள இடத்தில் மனிதர்கள். தறியில் ஏற்றிய பாவு நூல் நெய்து தீர்ந்து, அடுத்த பாவு பிணைக்கும் முன் ஒவ்வொரு தறியும் ஒருநாள் காலியாக நிற்கிறது. அன்றைக்கு வந்தால் எந்த வாசலிலும் கை விரியாது. அது எந்த நாள் என்று எவரும் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை.

போன வாரம் பம்புக்காரர்கள் மறுபடி வந்தார்கள். உன் தறியில் இப்போது சரசு உட்காருகிறாள். பாதிப் புடவை நெய்திருந்தாள். எழுந்து வந்து, “உள்ள வாங்க” என்றாள்.

அவர்கள் பயந்துவிட்டார்கள். “வேணாம்மா, பட்டு கெட்டுடும். எப்பவும் போல வெளிய அடிச்சி எழுதிட்டுப் போயிடறோம்.”

“எழுதறதுல ஒண்ணும் கொறச்சலில்ல. எழுதிட்டுப் போன வூட்லதான் என் வூட்டுக்காரரு செத்தாரு. உள்ள வந்து அடிங்க.”

உன் பழைய வேட்டிகளையும் ஒரு பாயையும் தறிமேல் மூடினோம். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அடித்தார்கள். பாய் விலகிய இடத்தில், அரக்குச் சிவப்பின் மேல் வெள்ளையாகச் சில துளிகள் விழுந்துவிட்டன. முதலாளி அந்தப் புடவையைத் தொடமாட்டார். சரசு ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்தாள், போகவில்லை.

“போவட்டும்ணா” என்றாள்.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்தார் கறையைப் பார்த்தார்கள். பிறகு அவரவர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பம்புக்காரர்கள் அந்தக் கதவுகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக எழுதிக்கொண்டே போனார்கள். அந்த வீடுகளில் வளர்கிற கொசுவுக்கு உன் வீடு ரொம்ப தூரமா, மாப்பிள்ளை?

அதனால் சொல்கிறேன். இனி வாதம் படிப்பகத்தில் இல்லை. ஒவ்வொரு வீடாகப் போய், உங்கள் தறி என்றைக்குக் காலியாகும் என்று கேட்கப் போகிறேன். அன்றைக்கு அனுப்புங்கள் என்று சுகாதார ஆபீசில் போய் நிற்கப் போகிறேன். விரட்டினால் மறுநாளும் நிற்பேன். அவர்கள் வந்த பிறகு உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பார்ப்பேன். கை வெள்ளையானால்தான் வாசலில் எழுத விடுவேன்.

உன்னோடு வாதாடியே பழகிய,
சரசுவின் அண்ணன், உன் மச்சான்