ரெக்கவரி வண்டிக்குக் காட்டிய கற்பூரம்

மச்சான்,

நேற்று மேடவாக்கத்தில் மகள் வீட்டுக் குளியலறையில் பிளம்பர் புதுக் குழாய் ஒட்டினார். பசை டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை ஹால் வரை வந்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய்ப் பல வருஷம் ஆயிற்று. இதை எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறதோ, தெரியவில்லை. ஆனாலும் உன்னிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன் அந்தப் பெட்டியை அனுப்பியிருந்தார். பழுதான லாரியைத் தூக்கி இழுத்துப் போகும் ரெக்கவரி வண்டியின் சின்ன மாடல்; இருநூறு சொச்சம் பிளாஸ்டிக் துண்டுகள். செய்முறைத் தாள் முழுக்க ஜப்பானிய எழுத்து. நான் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன், படத்தைப் பார்த்தே புரிந்துகொள்வேன். நீயோ ஜி.எஸ்.டி. ரோட்டில் நிஜ ரெக்கவரி வண்டியே ஓட்டுகிறவன். சேலையூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்தோம். நான் துண்டுகளை பிளேடால் வெட்டித் தருவேன், நீ பசை தொட்டு ஒட்டுவாய்; வீடு முழுக்க அதே வாசனை. கிரீஸ் ஏறிய அந்தத் தடித்த விரல்களுக்கு அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ.

படத்தில் கிரேன் கொக்கி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. "இன்னா மச்சான் இது? ரோட்ல போறப்போ ஹூக்கு ஆடிகினு இருந்தா பின்னாடி வர்றவன் கதி இன்னா?" என்றாய். என் மனைவியிடம் தையல் நூல் வாங்கி, கொக்கியை இழுத்துக் கட்டின பிறகுதான் உனக்குத் திருப்தி.

ஆயுத பூஜைக்கு வண்டி தயார். பூஜை போடாமல் எந்த வண்டியையும் எடுக்கக் கூடாது என்று நீ சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தாய். எலுமிச்சம்பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்ததால் திராட்சை வைத்தாய். தட்டில் கற்பூரம் ஏற்றினாய். அண்ணனுக்கு அனுப்ப நான் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கிட்டக் காட்டு மச்சான், நெருப்பு போட்டோவுல விழணும்" என்றேன்.

"பிளாஸ்டிக்குடா."

"ஒண்ணும் ஆகாது. இன்னும் கிட்ட."

காட்டினாய். கிரேன் அவிந்த முருங்கைக்காய் மாதிரி மடங்கிக் கீழே விழுந்தது.

சமையலறையிலிருந்து என் மனைவியும் அம்மாவும் ஓடி வந்தார்கள். "என்னங்க ஆச்சு?" என்றாள் அவள்.

"எல்லாம் இவனாலதான். லாரி ஓட்டுறவன் கையில இதைக் குடுத்தா வேற என்ன ஆகும்?" என்றேன்.

"நீதானே..." என்று ஆரம்பித்தாய். அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தாய். கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாய். சுண்டலைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டாய். அடுத்த ஞாயிறு வரவில்லை. நானும் தேடி வரவில்லை. வெட்டி ரோஷம், வேறென்ன.

ஐந்தாறு வருஷம் கழித்து என் பழைய கார் கூடுவாஞ்சேரியில் நின்றுவிட்டது. யாரோ போன் செய்து வரவழைத்த ரெக்கவரி வண்டியிலிருந்து இறங்கியது நீ. காரைக் கட்டி ஏற்றிவிட்டு, "வண்டிய எங்க வுடணும் சார்?" என்று கேட்டாய்.

சார்.

தாம்பரம் வரை உன் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தேன். "வூட்ல எல்லாரும் நல்லா கீறாங்களா சார்?" கேட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினாய். பெருங்களத்தூரில் கால் மணி நேரம் டிராஃபிக் நகரவில்லை. மன்னிச்சுக்கோ மச்சான் என்று சொல்ல அவ்வளவு நேரம்கூட வேண்டாம். நான் ஜன்னல் வழியாகக் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் உனக்கு மாரடைப்பு. மாலையோடு வந்தேன், போட்டுவிட்டுத் திரும்பினேன்.

எங்கள் வீட்டில் இப்போதும் அந்தக் கதை வரும். பேரப்பிள்ளைகளுக்கு நீ, கற்பூரத்தைக் காட்டி வண்டியை உருக்கின மாமா. சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன்.