மூன்று சிவப்புப் புள்ளி, மூன்று கறுப்புப் புள்ளி

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதுவது.

அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். வழக்கமாக உன் கை எப்படி இருக்கிறது என்றுதான் ஆரம்பிப்பேன். போன கடிதத்தைப் படித்ததிலிருந்து அதைக் கேட்கவே பயமாக இருக்கிறது. மொத்தம் மூன்று வரி. மணிக்கட்டு சரியாகத் திரும்பவில்லை, கைப்பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டேன், ஓட்டலில் கிட்டார் வாசிக்கும் என் இடத்தை இனி நீயே வைத்துக்கொள். நீ வண்டியிலிருந்து விழுந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆபரேஷன் செய்த டாக்டர் ஆறு மாதம் என்றல்லவா சொன்னார்? அதற்குள் உனக்கு யார் கெடு வைத்தது? அம்மாவிடம் கடிதத்தைக் காட்டவில்லை. "என்ன எழுதியிருக்கான்?" என்று இரண்டு தரம் கேட்டாள். "நல்லா சாப்பிடுறானாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் இடத்தை எனக்குக் கொடுக்கிறாயே, அதில் உட்கார்ந்து நான் அடித்த கூத்தைக் கேள். அண்ணியோடு வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கிட்டாரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாய். "சி மேஜர் பாட்டு வந்தா பயப்படாத. உனக்குத்தான் ஏ மைனர் தெரியுமே, அஞ்சாம் ஃப்ரெட்ல அதையே வாசி. ரெண்டுக்கும் அதே அஞ்சு சுரங்கள்தான்" என்றாய். உன்னைப்போலப் பாட்டுக்கு நடுவே மனம்போனபடி வாசிக்க எனக்கு எங்கே தைரியம்? பக்கத்தில் தாளத்துக்குக் கம்பி தட்டிக்கொண்டிருந்தவள்தானே. நீ சொன்னதை அப்படியே நம்பினேன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை ஓட்டலில் ஒரு பெரியவருக்கு எண்பதாவது பிறந்தநாள் விருந்து. கேக், பலூன், முப்பது பேர். சி மேஜரில் துள்ளலான பாட்டு. கிட்டார் கழுத்தில் ஐந்தாம் ஃப்ரெட் கட்டத்தில் விரலை வைத்து அள்ளி விட்டேன். ஒரு சுரம்கூடத் தப்பில்லை, அதுதான் கொடுமை. பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வரியையும் கொண்டுபோய் ஏ சுரத்தில் முடித்தேன். கடைசி நீட்டலும் அங்கேயேதான். ஒருவரும் கைதட்டவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று நினைத்துக் கையைப் பாதி தூக்கியபடி காத்திருந்தார்கள். அப்புறம் அந்தப் பெரியவரின் மகள் என்னிடம் வந்து, "வீட்டுல யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று அக்கறையாக விசாரித்தாள். மேனேஜர் முகம் போன போக்கை நான் எழுதப் போவதில்லை. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம்மோடு கீபோர்டு வாசிக்கும் சிடுமூஞ்சியை நீ திட்டாத நாள் கிடையாது. அவர்தான் காப்பாற்றினார். ஞாயிறு மதியம், மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், என்னை உட்கார வைத்தார். தான் கீபோர்டில் சி மேஜரை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்னை அந்த ஐந்து சுரங்களையும் வாசிக்கச் சொன்னார். பிறகு பிடியை ஏ மைனருக்கு மாற்றிவிட்டு, அதே ஐந்தையும் அதே வரிசையில் திரும்ப வாசிக்கச் சொன்னார். அண்ணா, என் விரல் துளியும் மாறவில்லை. சிரித்துக்கொண்டிருந்த பாட்டின் முகமே அழுகையாக மாறிவிட்டது. "சுரம் ஒண்ணுதாம்மா. எதுல போய் நிக்கிறேங்கிறதுதான் கணக்கு. கீழ நான் சி-ய வச்சிருக்கும்போது நீ ஏ-ல போய் நின்னா, நான் ஒரு பேச்சு பேசுறேன், நீ ஒரு பேச்சு பேசுற" என்றார். நீ பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை விழுங்கிவிட்டாய்.

நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸின் நடுவில் புள்ளி வைப்போமே, அந்தப் பேனாக்களைக் கொண்டுவந்து கிட்டார் கழுத்தில் புள்ளி வைத்தேன். ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து எட்டுக்குள் சி மூன்று இடத்தில் இருக்கிறது, அதற்குச் சிவப்பு. ஏ-யும் மூன்று இடம், அதற்குக் கறுப்பு. மேஜர் பாட்டென்றால் சிவப்பில் நிற்க வேண்டும், மைனர் என்றால் கறுப்பில். கேட்கச் சுலபம்தான். பயந்த கை நேராகக் கறுப்புக்கே ஓடியது. அதை அதட்டித் திருப்பினால், அடுத்து வந்த மைனர் பாட்டில் சிவப்பில் போய் நின்று இளித்தது. வாரம் முழுவதும் கடையில் யாருக்காவது மூக்குக் கண்ணாடி மாட்டிவிடும்போதுகூட வாய்க்குள் சிவப்பு, கறுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று வாசித்தேன். நன்றாகவே வந்தது. சி-யில் கொண்டுபோய் நிறுத்தினேன், அந்த நொடியே கைதட்டினார்கள். சிடுமூஞ்சிகூடத் தலையாட்டினார்.

இதை உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். காலையில் வேறொரு கடிதம் எழுதினேன். இன்னும் தடுமாறுகிறேன், ஓட்டலில் வேறு ஆள் தேடுகிறார்கள், நீ வந்தால்தான் ஆச்சு என்று பக்கம் பக்கமாகப் புளுகியிருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். என் பொய்யை நீ என்றைக்கு நம்பினாய்? உண்மையைச் சொன்னாலோ, இனி நாம் தேவையில்லை என்று நிம்மதியாகக் கையை மடக்கிக்கொண்டு படுத்துவிடுவாயோ என்று நடுக்கமாக இருக்கிறது. வாசிக்க எனக்குத் தெரிந்துவிட்டது, சரி. அதற்காக நீ வராமல் இருக்கலாம் என்று ஆகிவிடுமா? ஒரு வரி நன்றாக விழுந்ததும் உன்னைத்தான் திரும்பிப் பார்க்கிறேன். நீ இருந்த பக்கம் ஓட்டலின் மீன் தொட்டிதான் தெரிகிறது.

நாளைக்கே பயிற்சிக்குப் போ. கிட்டாருக்காக வேண்டாம், ஓட்டலுக்காகவும் வேண்டாம். சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்ளவாவது போ. இந்த மூன்று மாதமாக உன் பெயரில் வந்த கடிதமெல்லாம் அண்ணியின் கையெழுத்து என்பது அம்மாவுக்குத் தெரியும். ஏன் என்று அம்மா கேட்டதில்லை. உறையை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அடுத்த முறை உறைமேல் அம்மா பெயரை மட்டும் நீ எழுது. கோணலாக இருக்கட்டும், பாதியில் நின்றுபோகட்டும், பரவாயில்லை. உள்ளே ஒன்றும் வைக்காமல் அனுப்பினாலும் போதும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
தங்கை.