நடந்து வரட்டும் என்றாயாமே

என் கையைப் பிடித்து நடக்க வைத்த அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம், அங்கு உன் நலத்துக்கு எழுதவும் என்று பழக்கத்தில் கை எழுதிவிட்டது. அடித்துவிட்டேன். நீ எங்கே இருந்து எழுதுவாய்? இங்கும் யாவரும் நலம் என்று சொல்லிவிட முடியாது.

மாசி பிறந்துவிட்டது. அடுத்த மாதம் உன் வருஷத் திதி. இன்றைய வீட்டுக் கணக்கை எழுதி முடித்ததும் வேறு காகிதம் ஒன்றை எடுத்தேன். உப்பு, புளி, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை என்று எல்லாவற்றுக்கும் இடம் தெரிகிறது. உன்னை எங்கே வைத்து எழுதுவது என்றுதான் தெரியவில்லை. ராக்கு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "யாருக்கு சின்னம்மா?" என்றாள். சொன்னேன். உன் மகள் அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் வந்தது. "பொம்பளைகளுக்குன்னு பத்திரிகை வருதுல்ல, அதுக்கு அனுப்புவோமா? எங்கம்மா எப்படிப்பட்டவன்னு நாலு பேரு படிக்கட்டும்."

அனுப்பு என்றேன். ஆகையால் இதை மற்றவர்களும் படிப்பார்கள், அக்கா. அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே.

நாம் அக்கா தங்கை இருவரும் விளாங்குடியில் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டோம். நீ மூத்தவருக்கு, நான் இளையவருக்கு. மூன்று வருஷத்துக்கு முன் வந்த அந்த விஷக் காய்ச்சல் என்னை விட்டுப் போகும்போது இடது காலின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போனது. "நடந்தா காலு, படுத்தா கட்டை," என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் எல்லோரும் பாவம் பார்த்தார்கள். நீ மட்டும்தான் பாவம் பார்க்கவில்லை.

மில் சங்கு ஊதுவதற்கு முன்பே வந்து என் போர்வையை உருவுவாய். "எந்திரிடி பொன்னு. புளிய மரம் வரைக்கும்தான். அங்கிட்டுப் போயிட்டு வந்து படுத்துக்க." திண்டுக்கல் ரோட்டில் வரிசையாகப் புளிய மரம் நிற்கிற ஊரில், எந்தப் புளிய மரம் என்று கேட்கத் தோன்றாத மக்காக இருந்தேன். முதல் மரத்துக்குப் போனால், "இது இல்லடி, அதுதான்" என்பாய். அதற்குப் போனால் அடுத்தது. அப்படியே வாய்க்கால் வரை, பிறகு வைகைக் கரை வரை கொண்டுபோய்விட்டாய்.

எனக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சாக்கு இருந்தது. உனக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது. ஆடியில் சேலையை நிற்கவிடாத காற்று. "பின்னால இருந்து தள்ளுது பாரு, பாதி நடையை அதுவே நடந்து குடுக்குது." திரும்பி வரும்போது முகத்தில் அடிக்குமே என்றால், "அதை வரப்போ பாத்துக்கலாம்." ஐப்பசி மழையில், "நீ என்ன சுடாத மண்சட்டியா, நனைஞ்சா கரைஞ்சு போக?" மார்கழியில், "பனிக்குக் காதுல துணியக் கட்டு. காலைக் கட்டிப் போடாத." சித்திரையில் சாக்குச் சொல்லவே விடமாட்டாய். வெள்ளி முளைத்திருக்கும்போதே கிளப்பிவிடுவாய்.

அன்றைக்கு உன்னை எத்தனை திட்டியிருப்பேன். "நீ அக்காவா, போலீஸ் ஏட்டய்யாவா?" என்று நான் கேட்டதற்கு, "ஏட்டய்யான்னா சம்பளமாச்சும் கெடைக்கும்" என்றாயே. வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

போன வருஷம் தை முடியும்போது நீ படுத்தாய். வயிற்றில் கட்டி என்றார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்தோம். அன்று இரவு நான் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். ஒரு மண்டலம், விடியற்காலையில் வாய் திறவாமல் நடந்தே போய், மீனாட்சி சந்நிதியில் நெய்விளக்கு ஏற்றுகிறேன், என் அக்காவை எழுப்பிக் கொடு என்று. ஆற்று மணலில் இறங்கி, ஆரப்பாளையம் ஏறி, டவுனுக்குள் போக வேண்டும். முன்பானால் என்னால் ஆகிற தூரமா அது? நீ கொடுத்த காலைத்தான், அக்கா, உனக்காக வேண்டுதலில் வைத்தேன்.

உனக்குச் சந்தோஷம். படுத்தபடியே, "இப்ப யாரும் போர்வைய உருவ வேண்டியதில்ல பாரு," என்றாய்.

அந்தப் பங்குனி நாளை எழுத வேண்டும். எழுதாமல் மேலே போக முடியாது.

நான் நெய்க் கிண்ணத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு கிளம்பியபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நான் ஆற்றங்கரைக்குப் போவதற்குள் விழித்து என்னைக் கேட்டிருக்கிறாய். மூச்சு வேறு மாதிரி இருப்பதைப் பார்த்து அத்தான் என்னை அழைத்துவர ஓடி வந்தார். நான் மணலில் இறங்கும்போதே என்னைக் கண்டுவிட்டார். ஒரு சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

அவர் கூப்பிடவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிறவளைப் பின்னால் இருந்து கூப்பிடக் கூடாது. அதுவும் மௌனமாக, கையில் நெய்யோடு போகிறவளை. கூப்பிட்டால் வேண்டுதல் கெட்டுவிடும், கெட்டால் நீ பிழைக்கமாட்டாய் என்று நினைத்துவிட்டார். முன்னால் வந்து மறித்தாலும் தடைதான். ஆகவே உன் புருஷன், நீ போய்க்கொண்டிருந்த நேரத்தில், என் பின்னாலேயே கோயில் வரை நடந்து வந்தார். நான் விளக்கேற்றி, விழுந்து கும்பிட்டு எழுந்து திரும்பும்போது தூணோரம் நின்றார். தோள் துண்டு வேர்வையில் நனைந்திருந்தது.

"என்ன அத்தான்?"

"ஒங்கக்கா ஒன்னத் தேடுறா."

"எப்ப வந்தீக?"

"நீ ஆத்துல எறங்குறப்பவே."

"கூப்புட்டிருக்கலாமுல்ல!"

அவர் சந்நிதிப் பக்கம் பார்த்தார். ஜட்கா பிடித்துப் பாலத்தைச் சுற்றி வந்தோம். தெரு திரும்பும்போதே பெண்கள் சத்தம் கேட்டது. அத்தான் வண்டி நிற்கும் முன்பே குதித்து, நிலை தடுமாறி விழுந்தார். நான் குதிக்கவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

உன் பக்கத்தில் இருந்தது ராக்கு மட்டும்தான். காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள். "ரெண்டாந் தடவையும் 'வந்துட்டாளா'ன்னு கேட்டா. வந்துக்கிட்டிருக்காக, அப்பா வெரசா கூட்டிட்டு வருவாகன்னு சொன்னேன். அதுக்கு அம்மா, 'அவசரப்படுத்தாதீக. நடந்து வரட்டும். வெரசா நடந்தா அவ காலு வலிக்கும்'னு சொன்னா. அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தானா, அக்கா? வேறு ஒன்றும் உனக்குச் சொல்ல இல்லையா? சாகிற நேரத்தில் என் காலையா நினைப்பார்கள்?

அதற்குப் பிறகு நான் நடக்கவில்லை. எதற்கு நடக்க வேண்டும்? சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கினார். மேளச் சத்தம் வீடு வரை வந்தது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். இந்த வருஷம் முழுக்க நமக்குத் திருவிழாவும் இல்லை, கோயிலும் இல்லை. அந்தத் தீட்டு எனக்கு வசதியாகக்கூட இருந்தது. அம்மன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? ஸ்தோத்திரம் சொல்லாமல் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காதவள் என்று என்னைக் கேலி செய்வாயே. இப்போது பாதியில் நிறுத்திவிடுகிறேன். மேற்கொண்டு நாக்கு வரமாட்டேன் என்கிறது.

அத்தானோடும் பேசவில்லை. சோறு வைப்பேன், தண்ணீர் வைப்பேன், போய்விடுவேன். அவரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

ஆடியில் ஒருநாள் பால் செம்போடு தொழுவத்து வாசலில் விழுந்தேன். கால் மடங்கிக்கொண்டது. மறுபடியும் பழைய கால். பால் வழிந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தான் வைக்கோலைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார். மறுநாள் மில் சங்கு ஊதுவதற்கு முன் நான் கதவைத் திறந்தபோது, வாசலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"எங்கிட்டு?" என்றேன். அத்தனை மாதத்தில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"புளிய மரம் வரைக்கும்."

எந்தப் புளிய மரம் என்று இப்போது எனக்குக் கேட்கத் தெரியும். கேட்கவில்லை. அவர் சற்று முன்னால், நான் நாலடி பின்னால். காற்று தள்ளியது. வாய்க்கால் பாலத்துக்குப் போனதும் என்னால் தாங்க முடியவில்லை. "ஒரு சத்தம் குடுத்திருக்கலாமுல்ல அத்தான்? ஒரே ஒரு சத்தம்? கடைசியா ஒரு தடவ அவ மொகத்தப் பாத்திருப்பேனே!"

அவர் நின்றார். திரும்பவில்லை. "குடுத்திருந்து அவ போயிருந்தா, நான் வேண்டுதலக் கெடுத்ததாலதான் போனான்னு ஆயுசுக்கும் நெனச்சிருப்பேன். குடுக்கல. அப்பவும் போயிட்டா. நானும் பாக்கல பொன்னு. எனக்கும் அவ பொண்டாட்டிதானே."

அந்தப் பெரிய உடம்பு குலுங்கியதை நீ பார்த்திருந்தால் தாங்கியிருக்கமாட்டாய். ஊர்ப் பஞ்சாயத்தில் நின்று சத்தம் போடுகிற மனுஷன். மோட்டார் பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அது போகும் வரை நின்றுவிட்டு, இருவரும் அடுத்த மரத்துக்கு நடந்தோம்.

அன்று தொடங்கியதுதான். நடக்க ஆசை வந்துவிட்டது என்று நினைக்காதே. ஒருநாள்கூட ஆசையாக எழுந்ததில்லை. கண் விழித்ததும் நீ இல்லை என்பதுதான் முதலில் வருகிறது. அதோடு படுத்துக் கிடந்தால் அது நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. எழுந்து நடந்தால் அதுவும் கூடவே நடந்து வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ஐப்பசியில் வைகை இரு கரையும் புரண்டு போனது. கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துத் திரும்பினோம். மார்கழியில் வாசலெல்லாம் பூசணிப்பூ. பனிக்குள் கோபுரம் மங்கலாகத் தெரியும். அத்தான் கன்னத்தில் போட்டுக்கொள்வார். என் கை எழும்பவில்லை.

இனிமேல்தான் உனக்குச் சொல்ல வேண்டிய சேதி. ராக்கு தலைப் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இது நிறை மாதம். தினமும் நடக்கச் சொல்லி மருத்துவச்சி உத்தரவு. உன் மகளுக்கு என்னைவிடப் பெரிய சாக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. "வயித்துல இருக்கிறது தூங்குது சின்னம்மா, நடந்தா முழிச்சுக்கிரும்" என்கிறாள். நான் போர்வையை உருவுகிறேன்.

நேற்று வாய்க்கால் வரை வந்தாள். வந்தவள் மூச்சு வாங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வலி எடுத்தா அம்மாவக் கூப்புடுவாகளாம்ல எல்லாரும். நான் யாரச் சின்னம்மா கூப்புடுறது?" என்று கேட்டாள்.

என்னைக் கூப்பிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அக்கா. அது உன் இடம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் மெதுவாகத் திரும்பி நடந்தோம்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டேன். "திதி முடிஞ்சதும் நான் கோயிலுக்குப் போவேன். மீதி விளக்க ஏத்துவேனா, வாசல்லயே சண்டை போட்டுட்டு வருவேனான்னு எனக்கே தெரியாது. ஆனா நான் ரோட்டுல இருந்தாலும், ஆத்துல இருந்தாலும், நெய்யும் விளக்குமா சந்நிதியிலயே நின்னாலும், ராக்குவுக்கு வலி கண்டா பின்னால இருந்து பேரச் சொல்லிக் கூப்புடணும். கத்திக் கூப்புடணும்." என் வீட்டுக்காரர் தலையைத் தலையை ஆட்டினார். அத்தான் மட்டும் கேட்டார், "வேண்டுதலு?" என்று.

"அம்மனுக்கும் காது இருக்கும் அத்தான். அவளும் ஒரு பொம்பளைதானே," என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, ஒரு வருஷத்துக்குப் பின் அவளைப் பற்றி என் வாயில் வந்த முதல் பேச்சு அது.

சமாதானம் ஆகிவிட்டதா என்று கேட்காதே. ஆகவில்லை. ஆகும் என்றும் தோன்றவில்லை. உன் பேரப்பிள்ளை பிறந்து நீ பார்க்காமல் இருக்கப் போகிறாயே, அதற்கு நான் யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். வெயிலோ, மழையோ, பனியோ, மனசு வராத நாளோ, காலையில் எழுந்து நடப்பேன். கூப்பிட்டால் திரும்பிவிடுவேன்.

ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே அடுப்பில் உன்னோடு உலை வைத்த
உன் தங்கை
பொன்னம்மாள்